சீகன்பால்கு ஐயரும் ஓலைச்சுவடிகளும்

ஒரு செய்தியைக் கூறுவோர் அஃது எங்கிருந்து கிடைத்ததென்பதையும் கூறுதல் கற்றோர் கடனாகும். அச்சிட்ட புத்தகமாயின் இஃது எளிது. ஓலையும் கடிதமும் வாய்மொழியும் ஆதாரமாயின் மிக அரிது. அவ்வரிய செயலைத் தமிழகத்தில் செய்து காட்டிய பெரியார் ஒருவரின் சரித்திரத்தைச் சுருங்கக் கூறுவோம்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் ஜெர்மனி தேசத்துச் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் 1682-ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே நகரில் பயின்ற பின், டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடரிக்கினால் அனுப்பப்பெற்று, புளூட்சோ ஐயரோடு 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழெழுத்தைக் கற்றார்.

அக்காலத்துத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ஓலையிலேயே இருந்தன. ஐயர் தம் எழுத்தர்களை ஊர்தோறும் அனுப்பி, அந்தணர்தம் கைம்பெண்களிடம் கிடந்த சுவடிகளை விலைகொடுத்து வாங்குவித்தார். 1708-ஆம் ஆண்டில் அவற்றுக்கு ஓர் அட்டவணை வகுத்தார். திருக்குறள், சிவவாக்கியம் முதலான நூற்றுக்கு மேற்பட்ட நூல்களின் பெயரையும் பொருளையும், தெரிந்தவிடத்து ஆசிரியரையும் அதிற் குறித்தார். தமிழரைக் கல்லாதாரென்று எண்ணிய ஐரோப்பியருக்கு அவ்வட்டவணையே தக்க மறுமொழியாயிற்று.

அவ்வாண்டின் இறுதியில் டேனியத் தளபதி அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்கள் கழித்து வெளிவந்தவர் முயற்சி தளர்ந்திலர். 1712 முதல் தமிழர் பலரிடம் சமயத்தையும் வழக்கங்களையும் குறித்து வினாக்கள் விடுத்து, வந்த விடைக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தனுப்பினார். அவற்றுள் 99 கடிதங்கள் ஹாலே நகரில் அச்சேறின. எழுதினோர் பெயர் மட்டும் அவற்றில் வெளியிடப்படவில்லை. அவர்தம் சொல் நமக்கு எட்டியது, பெயர் எட்டவில்லை. இக்குறை நம் உள்ளத்தை இன்றும் வருத்துவதாம்.

சுவடிகளையும் கடிதங்களையும் ஆதாரமாகக் காட்டி, தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை 1713-இல் எழுதி முடித்தார். புறச்சமயத்தை வேரறுக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புதல் தகாதென ஹாலேயிலிருந்த தலைவர் பிராங்கே கருதியமையால், அந்நூல் அச்சேறாது கிடந்தது. 1867-ஆம் ஆண்டிலேதான் ஜெர்மான் என்பார் அதனைச் சென்னையில் வெளிப்படுத்தினார்.

ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு நிறைவேறிற்று. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், தமது முப்பத்தாறாம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இக்காலத்தில் நாம் ஒலிப்பதிவையும் திரைப்படத்தையும் முதியோர் வாய்மொழியையும் ஆராய்ச்சிக்குக் கொள்கின்றோம். எவர் உரைத்தது, எந்நாளில், எவ்விடத்தில் என்பவற்றை விடாது குறிப்போமாக. இவற்றைக் குறித்தல் பிறர் உழைப்புக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன். குறியாது விடின், பின்வருவோர் உண்மையை நாடிச் செல்லும் வழியை நாமே அடைத்தவராவோம்.