ஷூ தைச்ச கோச்

காலையில அஞ்சரை மணிக்கு ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் போனா, நடக்கிற அங்கிள், ஆன்ட்டிகளுக்கு நடுவுல நம்ம வயசுப் பசங்க நாலு பேர் ஓடிட்டு இருப்பாங்க. அம்பத்தூர்லயும் பூந்தமல்லியிலயும் இதே கதைதான். கிரவுண்டு கிடைக்காதவங்க விடியறதுக்கு முன்னாடி சி.டி.ஹெச். ரோட்டோரமே ஓடிடுவாங்க. அதுல பாதிப் பேர் கால்ல இப்ப மெத்தை மாதிரி தடிமனான சோல் வச்ச ஷூ இருக்கு. அதை வாங்கும்போது நாம என்ன பண்றோம்? கட்டை விரலால சோலை அமுக்கிப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், பெருமூச்சு விட்டுட்டு மறுபடியும் அமுக்கிப் பார்க்கிறோம்.

தினமும் நிதானமா அஞ்சு கிலோமீட்டர் ஓடுற சாதாரண ஆளுக்குன்னு தனியா ஒரு ஷூ வேணும், அதுக்குள்ள மெத்தை வேணும்னு முதல்ல மண்டையை உடைச்சிக்கிட்டவங்கள்ல ஒருத்தர் பில் பவர்மேன். அமெரிக்காக்காரர். நைக்கி கம்பெனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர். 1999 டிசம்பர் 24ஆம் தேதி இறந்தார். நம்மள்ல பல பேர் அப்ப பொறக்கவே இல்லை. அவர் பிசினஸ்மேனும் இல்லை, டிகிரி வாங்கின ஷூ டிசைனரும் இல்லை. ஒரு காலேஜ் கோச்.

1911 பிப்ரவரி 19ஆம் தேதி ஓரிகன் மாநிலத்துல போர்ட்லாந்து நகரத்துல பிறந்தார். அப்பா அந்த மாநிலத்துக்குத் தற்காலிக கவர்னரா இருந்தவர். ஆனா அப்பா அம்மா பிரிஞ்சதால, ஃபாஸில்ங்கிற குட்டி ஊர்ல அம்மாகிட்டதான் வளர்ந்தார். இரட்டைப் பிள்ளைகள்ல ஒருத்தர் இவர். இன்னொரு பையன் சின்ன வயசுலயே லிஃப்ட் விபத்துல இறந்துட்டான். ஓரிகன் பல்கலைக்கழகத்துல படிச்சார், 1936ல பார்பராவைக் கல்யாணம் பண்ணார், ரெண்டாம் உலகப் போர்ல மலைப்படைப் பிரிவோட இத்தாலிக்குப் போய் மெடல் வாங்கினார். அந்தப் போர்க்கதையே தனியா ஒரு கட்டுரை கேட்கும், நமக்கு வேண்டியது அதுக்கு அப்புறம்தான். 1940களின் கடைசியில தான் படிச்ச பல்கலைக்கழகத்துக்கே தடகள கோச்சா திரும்பி வந்தார். 1972 வரைக்கும் அங்கேயேதான். அந்தக் காலத்துல அவர் டீம் 1962, 1964, 1965, 1970ன்னு நாலு தடவை தேசிய காலேஜ் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சது.

பவர்மேனுக்கு முதல் பைத்தியம் எடை. ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தார். நாமளும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மைல்ங்கிறது 5280 அடி. ஓட்டக்காரர் ஒரு எட்டுக்கு ஆறு அடி தாண்டினா மைலுக்கு 880 எட்டு. ஷூவுல ஒரே ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் குறைச்சாலும், 880 தடவை தூக்குற கணக்குல 55 பவுண்டு மிச்சம். சுமார் 25 கிலோ! ஃபிசிக்ஸ் மேடம் இந்தக் கணக்குக்கு ஃபுல் மார்க் போட மாட்டாங்கன்னு வைங்க, தூக்கின எடையையெல்லாம் இப்படிச் சும்மா கூட்டிட முடியாது. ஆனா அந்த மனுஷனை ராத்திரி தூங்க விடாம வச்சது இதுதான். ஷூ கம்பெனிகளுக்கு லெட்டர் போட்டுப் பார்த்தார், யாரும் மதிக்கல. சரின்னு செருப்பு தைக்கிறவங்ககிட்டயே போய்த் தொழிலைக் கத்துக்கிட்டார். கங்காரு தோல்ல இருந்து மீன் தோல் வரைக்கும் வெட்டித் தைச்சுப் பார்த்தார். சோதனை எலிகள்? அவர்கிட்ட ஓடின பசங்கதான். அதுல ஒருத்தர் பில் நைட். 1964 ஜனவரியில ரெண்டு பேரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு, ஜப்பான்ல இருந்து ஒனிட்சுகா டைகர் ஷூவை இறக்கி விக்க ஆரம்பிச்சாங்க. பின்னாடி நைக்கி ஆனது அந்தக் கடைதான்.

அதுவரைக்கும் அவர் பார்வையெல்லாம் ரேஸ் மேலதான். மெத்தைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அதை மாத்தினது ஒரு தாத்தா.

1962 டிசம்பர்ல பவர்மேன் தன் ரிலே டீமோட நியூசிலாந்து போனார். அங்க ஆர்தர் லிடியார்ட்னு ஒரு கோச். வேடிக்கை என்னன்னா அவரும் ஷூ ஃபேக்டரியில வேலை பார்த்தவர். ஒரு நாள் காலையில ஓட வாங்கன்னு லிடியார்ட் கூப்பிட, 51 வயசு பவர்மேன் கெத்தா கிளம்பினார். அங்க கூடியிருந்தது ஆம்பளைங்க, பொம்பளைங்க, வயசானவங்கன்னு எல்லாரும் கலந்த ஒரு ஜாகிங் கூட்டம். கொஞ்ச தூரத்துலயே பவர்மேனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. கூட்டம் முன்னாடி போயிருச்சு. பரிதாபப்பட்டு வேகத்தைக் குறைச்சு அவர்கூட ஓடி வந்தவர் 70 வயசைத் தாண்டின ஒரு பெரியவர். அவருக்கு அதுக்கு முன்னாடி மூணு தடவை மாரடைப்பு வந்திருந்தது. ஊருக்கே ஓடச் சொல்லிக் கொடுக்கிற கோச்சுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நியூசிலாந்துல இருந்த ஆறு வாரமும் தினமும் ஓடினார். இளைச்சுத் திரும்பினார். 1963ல யூஜின் நகரத்து ஜனங்களை மைதானத்துக்கு வரச் சொல்லி நிதானமா ஓட வச்சார். வேகமா ஓடினா பரிசு கிடையாது, பக்கத்துல ஓடுறவங்ககூடப் பேசிக்கிட்டே ஓட முடியணும், அவ்வளவுதான் விதி. கூட்டம் நூத்துக்கணக்குல பெருகினதும் யாருக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு அவருக்கே பயம் வந்துச்சு. இதய டாக்டர் வால்டோ ஹாரிஸைச் சேர்த்துக்கிட்டு ஒழுங்கா ஒரு பயிற்சித் திட்டம் போட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின ஜாகிங் புத்தகம் 1967ல வந்து பத்து லட்சம் பிரதிக்கு மேல வித்தது. இன்னைக்கு ஏரிக்கரையில தொப்பையோட ஓடுற மாமாவை யாரும் விநோதமாப் பார்க்கலேன்னா, அதுல இந்தப் புத்தகத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

நிதானத்தைத் தன் சாம்பியன் பசங்களுக்கும் அவர் விடல. ஒரு நாள் கடுமையா ஓடினா அடுத்த நாள் லேசா ஓடணும், இதுதான் அவர் முறை. கென்னி மூர்னு ஒரு மாணவர், நம்ம கிளாஸ் டாப்பர் மாதிரி ஓயவே மாட்டார். லேசான நாளையும் கடுமையா ஓடி உடம்பைக் கெடுத்துக்கிட்டார். 1964ல பவர்மேன் அவர் கழுத்தைப் பிடிச்சு (உண்மையாவே கழுத்தைத்தான்) ஒரு சத்தியம் வாங்கினார். மூணு வாரம், தினமும் மூணு மைல், அதுவும் லேசா. 440 கெஜ டிராக்ல 12 ரவுண்டு, அதுக்கு மேல ஒரு எட்டு வச்சாலும் டீம்ல இடம் இல்லை. மூர் எரிச்சலோட செஞ்சார். மூணு வாரம் கழிச்சு ரெண்டு மைல் ரேஸ்ல தன்னோட பழைய நேரத்தைவிட 27 செகண்டு குறைச்சு 8 நிமிஷம் 48 செகண்டுல ஓடினார். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தான்ல நாலாவதா வந்தது இதே மூர்தான்.

அடுத்த வருஷம் மூர் பாதத்துல ஒரு எலும்பு உடைஞ்சது. விழவும் இல்லை, எதுலயும் மோதவும் இல்லை. ஓடி ஓடியே விரிசல் விட்டிருக்கு. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது உடனே புரியும், ஃபடீக் ஃபெயிலியர். ஒரு தடவை கொடுத்தா ஒண்ணுமே ஆகாத லோடு, ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப விழுந்தா பொருள் விட்டுக் கொடுத்துரும். ஓடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் நம்ம எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு விசை கால்ல இறங்குது. ஸ்டீலுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் ஒண்ணுதான். எலும்புக்கு ஓய்வு கொடுத்தா அது தன்னைத்தானே சரி பண்ணிக்கும். லேசான நாள் எதுக்குன்னா அதுக்குத்தான்.

பவர்மேன் மூரோட ஷூவை வாங்கி அக்கக்காப் பிரிச்சார். அது தாங்களே இறக்கி விக்கிற டைகர் ஷூ! உள்ள பார்த்தா குதிகால்லயும் முன்பாதத்துலயும் கொஞ்சம் ஸ்பாஞ்ச் இருக்கு, பாதத்தோட வளைவுக்குக் கீழ முட்டே இல்லை. உயரம் தாண்டுறவங்களுக்கான ஷூ அது. அதைத்தான் நெடுந்தூரம் ஓட விட்டிருக்காங்க. எங்க ஃபெயில் ஆச்சுன்னு பார்த்து, அங்க இருந்து டிசைனைத் திருப்பி வரைஞ்சார். வளைவுக்கு முட்டு, குதிகாலுக்கு அடியில கூடுதல் மெத்தை, முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஒரே நீளத்துக்கு மெத்தென்ற நடு சோல். வரைபடத்தை ஜப்பானுக்கு அனுப்பினார். 1960களின் கடைசியில அது கோர்டெஸ்ங்கிற பேர்ல வந்து சக்கைப் போடு போட்டது. கூட்டாளிகள் பிரிஞ்சப்போ இந்த ஒரு ஷூவுக்காகக் கோர்ட் வரைக்கும் போய், பேர் நைக்கிக்கும், அதே ஷூவை வேற பேர்ல விக்கிற உரிமை டைகருக்கும்னு தீர்ப்பாச்சு. (அந்த நைக்கிக்கு இன்னைக்கு ஷூ தைக்கிற ஊர்கள்ல ஒண்ணு நம்ம செய்யாறு. பூந்தமல்லியில பெங்களூர் ஹைவே பிடிச்சா காஞ்சிபுரம் தாண்டி அந்தப் பக்கம்.)

ஆக, எடையைக் குறைக்கணும்னு மீன் தோல் வரைக்கும் போன ஆளே, தினசரி ஓட்டத்துக்கு எடையைக் கூட்டி மெத்தை வச்சார். இதைத்தான் நாம கடையில மறந்துடறோம். ரேஸுக்கு ஓடுற அண்ணன் போட்டிருக்கிற விறைப்பான ஷூவைப் பார்த்து அதே மாதிரி கேட்கிறோம். நம்ம ஓட்டமோ காலையில முப்பது நிமிஷம், தார் ரோடு, சிமெண்ட், டைல்ஸ் பாதை. பவர்மேன் ஒவ்வொருத்தர் பாதத்தையும் அளந்து தைச்சுக் கொடுத்தார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால கட்டை விரலால அமுக்கிப் பார்க்கிறதுக்குப் பதில் போட்டு ஓடிப் பாருங்க. சாயங்காலம் போங்க, பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும். முன்னாடி ஒரு கட்டை விரல் இடம் இருக்கணும், குதிகால் வழுக்கக் கூடாது. கடைக்குள்ளயே பத்து எட்டு ஓடிப் பார்க்கும்போது எங்கயாவது உறுத்தினா, பழகினா சரியாயிடும்னு சொல்றதை நம்பாதீங்க. பென்னோ நிக்னு ஓட்டத்தையே ஆயுள் முழுக்க ஆராய்ஞ்சவர், 2015ல வந்த கட்டுரையில சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: ஷூவைத் தேர்ந்தெடுக்க உடம்பு உணர்ற சௌகரியத்தையே வழிகாட்டியா எடுத்துக்கலாம்.

மெத்தை கூடினா எல்லாம் நல்லதுன்னும் இல்லை. 1970களின் பின்பாதியில பவர்மேன் யோசனையில, குதிகால் ரெண்டு பக்கமும் அகலமா விரிஞ்ச எல்.டி. 1000 ஷூ வந்துச்சு. காலுக்குப் பாதுகாப்புன்னு நினைச்சுப் பண்ணினது. கொஞ்சம் கோணலாக் கால் வச்சவங்களுக்கு அந்த அகலமே பாதத்தைத் திருப்பி முட்டியில கொண்டுபோய் விட்டது. ஷூவைத் திரும்ப வாங்க வேண்டியதாச்சு. அதனால வாங்கும்போது பக்கவாட்டுல ஆடுதான்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

வாஃபிள் கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். 1970களின் தொடக்கத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பார்பரா வாஃபிள் சுட, அந்தக் கட்டம் கட்டமான அச்சைப் பார்த்து, இதைக் கவுத்தா பிடிமானம் கிடைக்குமேன்னு பவர்மேனுக்குத் தோணுச்சு. நம்ம வீடா இருந்தா பணியாரக்கல்லுக்கு வந்திருக்கும் அந்த கதி. யூரித்தேனைக் கலக்கி அதுல ஊத்தினார். ஒட்டாம இருக்க எதையாவது தடவணும்ங்கிறதை மறந்துட்டார். கல்யாணப் பரிசா வந்த அச்சு அப்படியே ஒட்டிக்கிச்சு, திறக்கவே முடியல. இன்னொண்ணு வாங்கி மறுபடி ஆரம்பிச்சார். அந்தச் சோலுக்கு 1974 பிப்ரவரியில பேட்டன்ட் கிடைச்சது.

இந்தக் கதையைச் சொல்றவங்க அடுத்த பக்கத்தைச் சொல்றதில்லை. அவர் வேலை பார்த்தது காத்தோட்டம் இல்லாத ஒரு சின்ன அறை. பசை, சால்வென்ட், ரப்பர், வருஷக்கணக்கா. அந்தப் பசையில என்-ஹெக்சேன் இருந்தது. மூச்சு வழியா உள்ள போனா உடம்பு அதை 2,5-ஹெக்சேன்டையோனா மாத்தும். அது நரம்பைத் தாக்கும், அதுவும் நீளமான இழைகளைத்தான் முதல்ல. நம்ம உடம்புல ரொம்ப நீளமானது முதுகுத்தண்டுல இருந்து பாதத்துக்குப் போற நரம்பு. ஜப்பான்லயும் இத்தாலியிலயும் செருப்புத் தொழிலாளர்கள் கால் மரத்துப்போய் நடக்க முடியாம ஆன பிறகுதான் உலகம் இதைக் கவனிச்சது. பவர்மேனுக்கும் அதேதான் நடந்தது. கால் நரம்பு கெட்டு, தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பிச்சார். ஒரு ஊரையே ஓட வச்ச ஆளால அதுக்கப்புறம் ஓட முடியல.

ஸ்டேஷன் வாசல்ல செருப்பு தைக்கிற அண்ணன் பசை டப்பாவைத் திறக்கும்போது ஒரு வாசனை வருமே, அந்த ரகம்தான். அவர் திறந்தவெளியில உட்கார்ந்திருக்கார், கொஞ்சம் பரவாயில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இன்டர்ன்ஷிப் போறவங்களும், ஹாஸ்டல் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு புராஜெக்டுக்குப் பசை போடுறவங்களும் முதல்ல ஜன்னலைத் திறந்து வைங்கப்பா.

ரிட்டயர் ஆன பிறகும் ஷூ மேல இருந்த பைத்தியம் அவருக்குப் போகல. கடைசியில, தான் வளர்ந்த ஃபாஸிலுக்கே திரும்பிப் போனார். அங்கேயே 88 வயசுல இறந்தார். அவர் இறந்து பத்து வருஷத்துக்கு மேல ஆன பிறகு, பழைய வீட்டுப் பக்கத்துல குப்பை புதைச்ச குழியைக் குடும்பத்துக்காரங்க தோண்டினாங்க. துருப்பிடிச்சு, உடைஞ்சுபோய் அந்த வாஃபிள் அச்சு கிடைச்சது.