அலெக் இசிகோனிஸ்: எண்களை நாடாத பொறியியலாளர்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி, கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து சற்றே இளைப்பாறும் இடத்தில் பிலிமத்தலாவை அமைந்திருக்கின்றது. பித்தளை விளக்குகளும் கலயங்களும் வரிசையாய் மின்னும் கடைகளால் பெயர் பெற்ற ஊர் அது. மோட்டார் வண்டி என்பது இலங்கையின் நடுத்தர மக்களுக்கு எட்டத் தொடங்கிய காலத்தில், இவ்வேற்றத்தை ஏறி இறங்கிய வண்டிகளுள் மொறிஸ் மைனருக்குத் தனியிடம் உண்டு. அதனைக் குடும்பத்தில் ஒருவராகவே போற்றியவர் பலர். வாடகை வண்டியாகவும் அது நெடுங்காலம் உழைத்தது. பழைய வண்டிகளைப் பேணுவோரிடத்தில் இன்றும் உயிரோடிருக்கின்றது. ஆயினும், அதனை ஆக்கியவரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

அலெக் இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் ஸ்மிர்ணா நகரிலே பிறந்தார். அந்நாளில் உதுமானியப் பேரரசின் துறைமுகமாயிருந்த அந்நகரே இன்று துருக்கியின் இஸ்மீர். தந்தையார் கிரேக்கக் குலத்தவர்; பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர்; கப்பற் பொறிகளுக்கான தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர். தாயார் ஹுல்டா ஜெர்மானிய வழியினர். பொறிகளின் ஓசைக்கிடையே வளர்ந்த சிறுவனின் வாழ்வை 1922ஆம் ஆண்டுப் போர் குலைத்தது. பிரித்தானியக் கடற்படை அக்குடும்பத்தை மால்டாத் தீவுக்கு ஏற்றிச் சென்றது. வீடும் தொழிற்சாலையும் பின்னே நின்றுவிட்டன. தந்தையாரும் மால்டாவிலேயே காலமானார். மறு ஆண்டு தாயும் மகனும் இங்கிலாந்தை அடைந்தனர்.

லண்டன் பற்றர்சி தொழில்நுட்பக் கல்லூரியில் இசிகோனிஸ் பொறியியல் பயின்றார். வரைதலில் அவர் வல்லவர். கணிதமோ அவருக்கு எட்டாக் கனியாயிற்று. கணிதப் பரீட்சையில் மூன்று முறை தவறினார். தூய கணிதம் படைப்பாற்றலுக்குப் பகை என்னும் கருத்து அவர் உள்ளத்தில் அன்று வேரூன்றி இறுதிவரை நிலைத்தது. எனினும் பட்டயம் பெற்று, பாதி தானே இயங்கும் கியர்ப் பெட்டி ஒன்றை உருவாக்கும் முயற்சியில் தொழிலைத் தொடங்கினார். பின்னர் ஹம்பர் நிறுவனத்திலும், 1936 முதல் ஒக்ஸ்போர்டை அடுத்த கவ்லியில் மொறிஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, போருக்குப் பிந்திய மக்களுக்கான சிறுவண்டி அவர் தாள்களிலே உருப்பெறலாயிற்று. கைபோன போக்கில் அவர் தீட்டிய படங்களே உதவியாளர்க்கு வழிகாட்டின. சிறிய சக்கரங்கள், விசாலமான உள்ளிடம், சொன்னபடி திரும்பும் சுக்கான் ஆகியவை அவர் நாட்டங்கள். மாதிரி வண்டி முடிந்தபோது, அது ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதனை நெடுக்காக இரண்டாய் அறுக்கச் செய்து, கண்ணுக்கு நிறைவு தோன்றும்வரை பாதிகளை விலக்கி வைக்கச் செய்தார். அவ்வாறு நான்கு அங்குல அகலம் கூடிற்று. மைனரின் முன்மூடியில் நடுவே ஓடும் புடைத்த பட்டை அந்தத் தீர்மானத்தின் தழும்பு.

நிறுவனத் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு அவ்வுருவம் பிடிக்கவில்லை. ஆயினும் 1948ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் மைனர் அரங்கேறியது. பிரித்தானிய வண்டிகளுள் முதன்முதல் பத்து இலட்சத்தை எட்டிய பெருமையும் பின்னாளில் அதற்கே கிட்டியது.

எண்களை நாடாதவர் ஆக்கிய வண்டியைப் பேணுவோர் எண்களிடமிருந்து தப்ப முடிவதில்லை. இதற்கு வேகமானி தக்க சான்று. அது சக்கரத்தை நேரே பார்ப்பதில்லை. கியர்ப் பெட்டியின் பின்முனைத் தண்டிலுள்ள திருகுப் பல், சிறு பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றும். அது நெகிழும் கம்பி வடத்தைச் சுழற்றும். வடத்தின் மறுமுனையிலே காந்தம் சுழலும். காந்தத்தைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணம் அதனுடன் திரும்ப முயலும். மெல்லிய சுருள்வில் தடுக்கும். இவ்விரண்டின் இழுபறியே முள் காட்டும் வேகம். ஜெர்மானியரான ஒட்டோ ஷூல்ட்ஸ 1902இல் காப்புரிமை பெற்ற முறை இது. ஒரு மைலுக்கு வடம் எத்தனை முறை சுழலவேண்டும் என்பது வேகமானி செய்யப்படும்போதே வரையறுக்கப்பட்டுவிடும்.

மைனரின் பின்னச்சிலே 948 கன செ.மீ. எஞ்சின் காலத்தில் 9 பல்லும் 41 பல்லும் கொண்ட சக்கரங்கள் இணைந்திருந்தன. 1962இல் 1098 கன செ.மீ. எஞ்சின் வந்தபோது அவை 9, 38 என மாறின. பழைய வேகமானியை வைத்துக்கொண்டு பிந்திய பின்னச்சைப் பூட்டினால், 41 முறை சுழலவேண்டிய தண்டு 38 முறையே சுழலும். வண்டி 50 மைல் வேகத்தில் ஓட, முள் 46ஐக் காட்டும். கடுகண்ணாவை இறக்கத்திலே அத்தகைய முள்ளை நம்புதல் அறிவுடைமை அன்று.

வேறு வண்டியின் கியர்ப் பெட்டியைப் பொருத்துவோர்க்கும் இதே சிக்கல். முதலாம், இரண்டாம் கியர்களின் விகிதம் முள்ளைப் பாதிப்பதில்லை. வேகமானிக்கான இயக்கம் அவற்றுக்கு அப்பாலே எடுக்கப்படுகிறது. பாதிப்பது வால்முனையிலுள்ள அச்சிறு சக்கரத்தின் பல் எண்ணிக்கையே. கணக்கு எளிது. இருக்கும் பற்களை முள் காட்டும் வேகத்தால் பெருக்கி, மெய்யான வேகத்தால் வகுக்கவேண்டும். 20 பற் சக்கரத்தோடு, மெய்வேகம் 50 ஆயிருக்க முள் 55 காட்டுமாயின், வேண்டியது 22 பற்கள். மெய்யை அறியவும் வழியுண்டு. வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களில் பத்தைக் கடந்தால், மைல்மானி 6.2 மைல் காட்டவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பிழை வெளிப்பட்டுவிடும். பல் மாறினால் சக்கரத்தின் பருமனும் மாறுமாதலால், புதியது தன் இருக்கையில் செவ்வனே பொருந்துகிறதா என்றும் பார்த்தல் வேண்டும்.

இசிகோனிஸின் புகழ் மைனரோடு நிற்கவில்லை. 1952இல் மொறிசும் ஒஸ்டினும் இணைந்தபோது அவர் விலகி அல்விஸ் நிறுவனத்துக்குச் சென்றார். 1955இல் திரும்ப அழைக்கப்பட்டார். மறு ஆண்டு சூயெஸ் நெருக்கடியால் பெற்றோல் அரிதாயிற்று. அத்தேவையிலிருந்து பிறந்தது மினி. எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலே அமைத்து, பத்தடி நீளத்துள் நால்வருக்கு இடங்கண்டார். 1959 ஆகஸ்ட் 26இல் வெளியான அவ்வண்டி, 2000ஆம் ஆண்டுவரை 53 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று.

அவ்வெற்றியிலும் எண்களின் நிழல் படிந்தது. போட்டியாளரான போர்டு நிறுவனத்தார் ஒரு மினியை வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்து விலை மதித்தனர். விற்கும் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 பவுண் நட்டம் என்ற முடிவுக்கு வந்தனர். 1968இல் நிறுவனங்கள் மீண்டும் இணைந்தபின், அவர் செல்வாக்கு ஒடுங்கியது. மினிக்கு வாரிசாக அவர் ஆக்கிய புதிய வண்டி தொழிற்சாலையை எட்டவில்லை. 1967இல் அரச கழக உறுப்புரிமையும் 1969இல் சேர் பட்டமும் அவரைச் சேர்ந்தன. கணிதத்தில் தவறிய மாணவரை நாட்டின் முதன்மை அறிவியற் கழகம் ஏற்றுக்கொண்டமை ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்கது.

மணம் புரியாத அவர் தாயாரோடே வாழ்ந்தார். 1971இல் பணியினின்று ஓய்வு பெற்றார். மறு ஆண்டு தாயாரை இழந்தார். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பர்மிங்ஹாமில் இயற்கை எய்தினார்.

கண்ணால் அளந்து வண்டியை அகலப்படுத்தத் துணிந்தவர் இசிகோனிஸ். அந்தத் துணிவு இல்லையேல் மைனர் இல்லை. ஆனால் எழுபது ஆண்டு கடந்தும் அது மலையேறுவது, பல் எண்ணிப் பொருத்தும் பெயரறியாக் கைவினைஞரின் பொறுமையினாலாகும். அவர் பெருமையைப் பேசும்போது இவர்களையும் சேர்த்து நினைத்தலே முறை.