ஊருக்கு நாடி பார்த்தவர்



புராஜக்ட்டுக்காக வாய்க்கால் கரையோரக் குடிசைப் பகுதி ஒன்றை நாங்கள் நான்கு பேர் டேப்பும் ரேஞ்சிங் ராடுமாகப் போய் அளந்தோம். ஷீட்டில் ஏற்றிப் பார்த்தால் சந்துகளெல்லாம் கோணல்மாணல். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் 30 அடி அகலத்தில் நேராக ஒரு ரோடு போட்டு, சிவப்பு மையில் அழகாக வரைந்துவிட்டேன். மறுவாரம் அளவு சரிபார்க்கப் போனபோது ஒரு பாட்டி ஷீட்டை எட்டிப் பார்த்து, அந்தச் சிவப்புக் கோடு தன் வீட்டு மேலேயா போகுது என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். நாற்பது வீட்டுக்கு மேல் போனது. எனக்குப் பேச்சே வரலை.

அந்தச் சமயத்தில்தான் பேட்ரிக் கெடிஸ் என்பவரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. நகரமைப்புப் பாடத்தில் ஒரு வரியில் வந்து போகும் பெயர். ஆள் நம்ம பக்கமெல்லாம் நடந்து திரிந்தவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

1854-ல் ஸ்காட்லாந்தில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தார். படித்தது உயிரியல். பெரிய விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டும் கடைசிவரை ஒரு பட்டம்கூட வாங்கவில்லை. (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை வீட்டில் சொல்லிப் பார்க்கலாம்.) 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை போயிற்று. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது; ஆனால் நுண்ணோக்கியில் உட்கார்ந்து வேலை செய்கிற வாழ்க்கை முடிந்தது. அதன்பிறகு செடிகொடியை விட்டு மனிதன் வாழும் இடத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

1886-ல் ஆன்னாவைக் கல்யாணம் செய்தார். சீக்கிரமே தம்பதி இருவரும் எடின்பரோவின் பழைய நகரில், ஏழைகள் நெருக்கியடித்துக் கிடந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற வளவுக்குக் குடிபோனார்கள். பார்வையிட அல்ல, குடியிருக்க! தாங்களே பெருக்கினார்கள், வெள்ளையடித்தார்கள், ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1888 முதல் டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியர். வருஷத்தில் ஒரு பருவம்தான் வகுப்பு என்பதால் மீதி நாளெல்லாம் ஊர் வேலைதான்.

1914-ல், 60 வயதில், சென்னை கவர்னர் பெண்ட்லண்டின் அழைப்பில் இந்தியா வந்தார். அவர் ஆயுசெல்லாம் சேர்த்த நகரமைப்புக் கண்காட்சி வேறொரு கப்பலில் வந்தது. அந்தக் கப்பலை ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆமாம், சென்னை மேல் குண்டு போட்ட அதே எம்டன்தான்! வரைபடம், படம் எல்லாம் கடலோடு போச்சு. மனிதர் தலையில் கைவைத்து உட்காரவில்லை. ஊரில் இருந்த நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பிறகு தஞ்சாவூர், மதுரை என்று சென்னை மாகாணத்து ஊர்களில் சந்து சந்தாக நடந்தார். அந்தக் காலத்து இன்ஜினியர்களுக்கு நெரிசல் என்றால் ஒரே மருந்து, வீடுகளை இடித்து நேராக ரோடு போடுவது. என் சிவப்புக் கோடு மாதிரியேதான். கெடிஸ் கேட்டது ஒன்றுதான்: இடிபட்ட ஜனங்கள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெருவில் போய் அடைவார்கள், நெரிசல் அங்கே கூடும். அவர் செய்தது வேறு. வீடு வீடாகப் பார்த்து, இடிந்து விழுந்த வீடு எது, காலி மனை எது, கிணறு எங்கே, மரம் எங்கே என்று படத்தில் குறித்தார். பாழான வீடுகளை மட்டும் எடுத்துவிட்டுச் சந்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கிடைத்த காலி இடத்தை முற்றமாக்கி மரம் நட்டால் போதும் என்றார். இடிப்புத் திட்டத்தை வைத்துப் பார்த்தால் செலவு சொற்பம். கொசுவுக்காகக் குளத்தைத் தூர்க்கப் போனவர்களிடம், அதில் மீனும் வாத்தும் விடச் சொன்னார். இந்த முறைக்கு அவர் வைத்த பெயரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது: உடம்பைக் காப்பாற்றிச் செய்யும் அறுவை.

இந்தூர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே பிளேக், மலேரியா இரண்டும். வரைபடமும் கையுமாகத் தெருவில் இவரைக் கண்டாலே ஜனங்கள் பயந்தார்களாம். வரைபடம் வந்தால் பின்னாலேயே கடப்பாரை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பிளேக்கைக் கொண்டுவருகிற கிழவர் இவர்தான் என்றுகூடப் பேச்சு. கெடிஸ் மகாராஜாவிடம் போய், ஒரு நாளைக்குத் தன்னை ராஜாவாக்கும்படி கேட்டார். தீபாவளி ஊர்வலம் இந்த முறை வழக்கமான பாதையில் வராது. எந்தத் தெரு நன்றாகச் சுத்தமாகி, ரிப்பேர் பார்க்கப்பட்டிருக்கிறதோ அந்த வழியாகத்தான் வரும் என்று அறிவித்தார். அவ்வளவுதான். ஊரே வாளியும் துடைப்பமுமாகக் கிளம்பிவிட்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது.

ஊர்வலத்தில் அழுக்கு அரக்கன் வந்தான், பிரம்மாண்டமான எலி வந்தது, ராட்சசக் கொசு வந்தது. அதன்பின் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில், புதுத் துடைப்பத்தோடு, மாலை போட்டு நடந்து வந்தார்கள். யார் தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கி வைத்ததோ, அவர்கள் ஊர்வலத்தின் நடுநாயகம்! நகர தேவதை புது வரைபடத்தை ஏந்தி வந்தாள். வீடுகளுக்குத் துளசிக் கன்று கொடுத்தார்கள். கடைசியில் அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். பிளேக் தணிந்தது. அதன் சீசன் முடிந்ததும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஜனங்களின் பயம் போனது அவரால்தான். 1918-ல் இந்தூர் அறிக்கை இரண்டு பாகங்களாக வந்தது.

அதற்கிடையில் அவர் பட்டது கொஞ்சமல்ல. 1917-ல் மூத்த மகன் பிரான்ஸ் போர்முனையில் இறந்தான். இங்கே ஆன்னா காய்ச்சலில் படுத்திருந்தார். செய்தியை மனைவியிடம் சொல்லாமல் மறைத்து, மகனின் பழைய கடிதங்களையே படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகன் போனது தெரியாமலே கல்கத்தாவில் ஆன்னா கண்மூடினார்.

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். குறை இல்லாத மனிதர் இல்லை. எழுத்து சிக்கலாக இருக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அதுவும் தாடிக்குள்ளேயே முணுமுணுப்பார். இந்தியாவில் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றுவிட்டன. 1924-ல் இந்தியாவை விட்டுப் பிரான்சில் போய்த் தங்கினார். 1932-ல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் காலமானார்.

நாங்கள் மறுபடி அந்த வாய்க்கால் கரைக்குப் போனோம். இந்த முறை பாட்டிதான் முன்னால் நடந்தார். தண்ணீர் லாரி உள்ளே வர முடியாததற்குக் காரணம், முனையில் ஆளில்லாமல் இடிந்து கிடந்த ஒரே ஒரு வீடு. எங்கள் ஷீட்டில் அதை நல்ல வீடாக வரைந்து வைத்திருந்தோம்.