பரங்கிமலை முதல் மங்களூர் வரை

மீனம்பாக்கத்தில் எழும்பும் விமானம் மங்களூரில் இறங்க ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். வான்வழித் தொலைவு ஏறத்தாழ 570 கிலோமீட்டர். இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் பயணம் நேர் மேற்காகவே அமைகிறது. இந்தத் தொலைவை, விமானம் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் அளந்து சொல்லிவிட்டார். அந்த அளவை தொடங்கிய இடமோ, பரங்கிமலைக்கும் எங்கள் நாவலூருக்கு வடக்கே உள்ள பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சமவெளி. அவர் வரலாற்றை எழுத வேண்டும் என்று எனக்கு ஆவல் பிறந்ததற்குக் காரணம் அதுவே.

அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்து, படைவீரராக இந்தியா வந்தவர். 1799இல் திப்புவுக்கு எதிரான போரின்போது, ஓரிரவு படை தவறான திசையில் நடப்பதை விண்மீனைக் கொண்டே கண்டுணர்ந்து தளபதியை எச்சரித்தவர். போர் முடிந்ததும், தீபகற்பத்தின் குறுக்கே கடலிலிருந்து கடல்வரை அளக்கும் திட்டம் ஒன்றைக் கம்பெனியாரிடம் முன்வைத்தார். நாடு பிடித்தவர்களுக்கு நிலப்படம் தேவைப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் லாம்ப்டனின் உள்ளம் பூமியின் வடிவத்தை அறிவதிலேயே இருந்தது என்று நான் கருதுகிறேன்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் அடிக்கோடு அளக்கும் பணி தொடங்கியது. அதன் நீளம் ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை நீட்டி வைக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலோ இரும்பையும் நீளச் செய்யும். இருபது பாரன்ஹீட் பாகை வேறுபட்டால் மொத்தத்தில் ஐந்தடி பிழை வந்துவிடும்! ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் அமைத்து, வெப்பமானி பார்த்துக் கணக்கைத் திருத்தினார். ஒரு பக்கம் சரியாகத் தெரிந்துவிட்டால் போதும். மற்றவை கோணங்களால் கிடைக்கும். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக மங்களூர்க் கரைவரை சென்றார். அதுவரை 400 மைல் என நம்பப்பட்ட அகலம் 360 மைலாகக் குறைந்தது. நாற்பது மைல் நிலத்தை இழந்த கம்பெனி அதிகாரிகளின் முகங்களை எண்ணிப் பார்க்கிறேன்!

கோணம் அளந்த தியோடலைட் அரை டன் எடையுள்ளது. இலண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைக் கைப்பற்றினர். பின்னர் கருவியைப் பெருந்தன்மையுடன் அனுப்பிவைத்தனர். பகைவர் காத்த அக்கருவிக்கு 1808இல் தஞ்சையில் கேடு வந்தது. பெரிய கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதிப் பழுதுற்றது. வேறொருவராயின் வேலையைக் கைவிட்டிருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்து, சுமார் ஆறு வாரம் உழைத்து, வளைந்த வட்டத்தைத் தாமே நேராக்கினார்.

பிறகு வடக்கே ஆண்டுக்கணக்கில் அலைந்தார். கருவி சுமந்தவர்களும் கொடி பிடித்தவர்களும் காட்டுக் காய்ச்சலில் வாடினர். அவர்கள் பெயர்களை வரலாறு பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. 1823 ஜனவரி 20ஆம் நாள், நாக்பூருக்குத் தெற்கே ஹிங்கன்காட்டில், பணியிடையிலேயே லாம்ப்டன் உயிர்நீத்தார். 1818 முதல் அவருக்கு உதவியாளராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்று, அளவையை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சென்றார். 1865இல் உலகின் மிக உயர்ந்த சிகரத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன்: எவரெஸ்ட்டை அறியாதவர் இல்லை, லாம்ப்டனை அறிந்தவர் இருவர்.