டீசல் இன்ஜினுக்கு உயிர் கொடுத்தவர் நடுக்கடலில் மாயமானது எப்படி? யார் இந்த ருடால்ஃப் டீசல்?

வண்டிக்குப் புது இன்ஜெக்டர் மாட்டியாச்சு. செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகவே இல்லை. பழைய வகை வண்டி என்றால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் தேடுவது டீசல் லைனில் புகுந்த காற்றைத்தான். சிலிண்டருக்குள் எரிபொருளைச் சரியாகப் பீய்ச்சும் இதே சிக்கலோடு 130 ஆண்டுகளுக்கு முன்பே பல வருஷம் மல்லுக்கட்டியவர் ஒருவர் இருக்கிறார். டீசல் என்பதே அவருடைய பெயர்தான்!

யார் இவர்?

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. 12 வயது ருடால்ஃப் மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பப்பட்டார்.

பிறகு மியூனிக்கில் பொறியியல் படித்தார். குளிர்பதன இயந்திரங்களுக்குப் பேர்போன கார்ல் வான் லிண்டேதான் அவருடைய பேராசிரியர். நிலக்கரியின் வெப்பத்தில் 10 சதவீதத்தைக்கூட நீராவி இன்ஜின்கள் முழுசாகப் பயன்படுத்துவதில்லை என்பதை வகுப்பில் தெரிந்துகொண்டார். மீதியெல்லாம் வீணாகப் போகிறதே என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

ஐடியா என்ன?

காற்றை பலமாக அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகுமே, அதே கதைதான். அப்படிச் சூடான காற்றுக்குள் எரிபொருளைத் தூவினால் ஸ்பார்க் பிளக் இல்லாமலேயே தீப்பிடிக்கும். 1892-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஆனால் ஓடவில்லையே!

1893 ஆகஸ்ட் 10-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. தொழிற்சாலையின் பெல்ட் மூலம் இன்ஜினைச் சுற்றவிட்டு எரிபொருளைச் செலுத்தினார்கள். அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் நூலிழையில் தப்பினார். தீப்பிடிக்கிறது என்பது உறுதியானது. ஆனால் இன்ஜின் தன் சொந்த பலத்தில் ஓடவில்லை.

பெரிய தலைவலி எரிபொருளை உள்ளே அனுப்புவதுதான். சிலிண்டருக்குள் ஏற்கெனவே கடுமையான அழுத்தம் இருக்கும். அதை எதிர்த்து, சரியான நொடியில், பனிமூட்டம் மாதிரி நுண்துளிகளாக எரிபொருள் உள்ளே போக வேண்டும். அதற்கேற்ற துல்லியமான பம்ப் அன்றைக்கு இல்லை. கடைசியில், அதைவிட அதிக அழுத்தமுள்ள காற்றை வைத்தே எரிபொருளை ஊதி உள்ளே அனுப்பினார்.

1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் முதன்முறையாகத் தானாக ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? சுமார் ஒரு நிமிடம்தான்! அதை நம்பகமான இன்ஜினாக மாற்ற மேலும் 3 ஆண்டுகள் ஆயின. 1897-ல் நடந்த அதிகாரப்பூர்வ சோதனையில் 26.2 சதவீதத் திறன் பதிவானது. நீராவி இன்ஜின்களால் நெருங்கவே முடியாத அளவு அது.

பணம் வந்தது, போனது

உரிமங்களை விற்றதில் டீசல் கோடீஸ்வரரானார். 1900 பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஓடிய டீசல் இன்ஜினும் இடம்பெற்றது. ஆனால் காப்புரிமை வழக்குகள், தவறான முதலீடுகள், உடல்நலக் குறைவு என அடுத்தடுத்து அடி. கடன் கழுத்தை நெரித்தது.

கப்பலில் என்ன நடந்தது?

1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். இரவு உணவு முடித்து, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். விடிந்தபோது ஆளைக் காணோம். படுக்கை கலையாமல் இருந்தது. தொப்பியும் மேல்கோட்டும் கப்பல் தளத்தில் கிடந்தன. நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்களை மகன் அடையாளம் காட்டினார்.

நிதி நெருக்கடியால் தற்கொலை என்பது பலரின் கருத்து. கொலை என்ற சந்தேகமும் உண்டு. எதுவும் இன்றுவரை நிரூபணமாகவில்லை.

இன்றைய மெக்கானிக்கும் டீசலும்

1927-ல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்ஷன் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. ஊதிவிடும் காற்றுக்கு வேலை இல்லாமல் போனது. சொல்லப்போனால், டீசலுக்குக் கைகொடுத்த அதே காற்றுதான் இன்று எதிரி. லைனில் காற்று இருந்தால் பம்ப் தரும் அழுத்தத்தில் அது சுருங்கிவிடும், இன்ஜெக்டர் திறக்காது. அதனால் பழைய வகை இன்ஜின்களில், இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை செல்ஃப் அடித்து, மறுபடி இறுக்குவார்கள்.

புதிய காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. 1,000 பாருக்கு மேல் போகும் அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலையே துளைத்துவிடும். அதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.