இரண்டு வீடுகள், ஒரு கணக்கு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் மோர்ட்டன் சே என்றொரு சிற்றூர். அங்குள்ள ஸ்டைச் மாளிகை சட்டப் பாதுகாப்புப் பெற்ற வரலாற்றுக் கட்டடம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளும் ஒரு பழைய வீடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இரண்டையும் இணைக்கும் பெயர் ராபர்ட் கிளைவ்.

1725-இல் ஸ்டைச்சில், வருவாய் குன்றிய நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்த கிளைவ், 1744-இல் கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். ஆண்டு ஊதியம் 5 பவுன். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது கடலூருக்குத் தப்பிச் சென்று போர்வீரரானார். 1751-இல் ஆர்க்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றி, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். மறு ஆண்டின் தொடக்கத்தில் எதிர்ப்படை, இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பூந்தமல்லிப் பகுதியைச் சூறையாடியது. காவேரிப்பாக்கத்தில் அப்படையை கிளைவ் முறியடித்தார். 1753-இல் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் மணம் முடித்து, அந்த வீட்டில் சிறிது காலம் வாழ்ந்தார்.

1757-இல் பிளாசிப் போர். புதிய நவாப் மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் பெற்ற தொகை 2,34,000 பவுன். அவரது தொடக்க ஊதியத்தில் அதை ஈட்ட 46,800 ஆண்டுகள் ஆகியிருக்கும். அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டைச் மாளிகை புதிதாக எழும்பியது. 1765-இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையை முகலாயப் பேரரசரிடமிருந்து கம்பெனிக்குப் பெற்றுத் தந்தார். 1767-இல் தாயகம் திரும்பினார். 1769-இல் மழை பொய்த்தது; வரி வசூலோ தளரவில்லை. தொடர்ந்த பஞ்சத்தில் வங்காள மக்களில் மூன்றிலொரு பங்கினர் வரை மாண்டதாக மதிப்பீடுகள் உண்டு. 1773-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவர் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டது. அவரது சேவையையும் பாராட்டியது. மறு ஆண்டு லண்டனில் மறைந்த கிளைவ், மோர்ட்டன் சே தேவாலயத்தில் அடையாளக் கல்லின்றி அடக்கம் செய்யப்பட்டார்.

கோட்டை வீட்டை இடித்துவிடலாம் என்று வாதிடுவோர் உண்டு. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. கசப்பான கணக்கு என்பதற்காக ஏட்டைக் கிழிப்பது முறையன்று. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்தொடர் வண்டியில் எளிதில் சென்றடையும் தொலைவில்தான் கோட்டை உள்ளது. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஆர்க்காட்டு வெற்றியோடு நின்றுவிடாமல், வங்காள உழவர் செலுத்திய வரியையும் பஞ்சத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வரவையும் செலவையும் ஒருங்கே காட்டினால்தான், அந்த வீட்டைப் பொதுப்பணத்தில் பாதுகாப்பதற்குப் பொருளுண்டு.