அதிகாரமில்லா அரியணை

சட்டமன்றம் என்றதும் நம் கண்முன் நிற்பது, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிரே அமர்ந்து வாதிடும் காட்சியே. எதிர்க்கட்சி என்ற ஒன்றே இல்லாத நாட்டில் சட்டமன்றம் என்ன செய்யும்? சோவியத் ஆட்சியின் பேரவைகளுக்கு 27 ஆண்டுகள் தலைமை தாங்கிய மிகயீல் கலீனினின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை கூறும்.

1875-ஆம் ஆண்டு ருசியாவின் த்வேர் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் கலீனின் பிறந்தார். நிலக்கிழார் வீட்டில் பணியாளாக இருந்தவர், பின்னர் பீட்டர்ஸ்பர்க் நகரின் புத்திலோவ் ஆலையில் கடைசல் தொழிலாளியானார். 1898-இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, ஜார் ஆட்சியில் பன்முறை சிறை சென்றார். 1919 மார்ச்சில் ஸ்வெர்த்லோவ் மறைந்ததும் மத்திய நிர்வாகக் குழுவின் தலைமை அவரைத் தேடி வந்தது. ஏர் பிடித்த குடியில் பிறந்து இயந்திரம் பிடித்தவர் நாட்டின் தலைவர்! உழவர்கள் அவரைத் தம்மவராகவே கருதினர். பிரசார இரயிலில் ஏறி அவர் ஊர் ஊராகச் சென்றார். மாஸ்கோவில் அவரைக் காண மனுக்களோடு மக்கள் திரண்டனர்.

1936-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், ஈரவை கொண்ட சுப்ரீம் சோவியத்தே நாட்டின் தலையாய அதிகார அமைப்பு என்றது. ஆனால் 1937 டிசம்பர் 12-இல் நடந்த தேர்தலில் தொகுதிக்கு ஒரே வேட்பாளர்தான். 1938-இல் கலீனின் அதன் தலைமைக் குழுவுக்குத் தலைவரானார். பேரவை ஆண்டில் சில நாட்களே கூடும், கைகள் ஒருசேர உயரும், கலையும். மற்ற நாட்களில் தலைமைக் குழு ஆணைகளை வெளியிடும். தொழிலாளர், உழவர், பெண்கள், பல்வேறு தேசிய இனத்தார் ஆகியோர் அவையில் இடம்பெற்றது உண்மை. ஆனால் முடிவு பிறந்த இடம் கட்சியின் அரசியல் குழு. பேரவை அளித்தது முத்திரை.

அம்முத்திரை எளிய பொருளன்று. கூட்டுப்பண்ணைத் தானியத்தைத் திருடினால் மரண தண்டனை என்ற 1932 ஆகஸ்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் இந்த உழவர் மகன். பயங்கரவாத வழக்குகளில் மேல்முறையீடும் கருணை மனுவும் இல்லை என்ற 1934 டிசம்பர் ஆணையிலும் அவர் கையெழுத்து உண்டு. அவரைப் பொம்மை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. அரசியல் குழுவிலும் அவர் உறுப்பினர். 1940 மார்ச்சில் போலந்துக் கைதிகளைச் சுட்டுக்கொல்ல அக்குழு எடுத்த முடிவில், அவர் பெயர் ஆதரவாகவே பதிவாகியுள்ளது.

1938-இல் அவர் மனைவி எகத்தரீனா கைது செய்யப்பட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டார். மன்னிப்பு வழங்கும் உரிமை அரசியல் சட்டப்படி தலைமைக் குழுவுக்கே உரியது. அக்குழுவின் தலைவர் கணவர்! எனினும் அவருக்கு 1945-இல்தான் விடுதலை கிடைத்தது. ஊரார் மனுக்களைப் பெற்றவரால் தம் வீட்டு மனுவைத் தீர்க்க இயலவில்லை.

1946 ஜூன் 3-இல் கலீனின் மறைந்தார். கோனிக்ஸ்பெர்க் நகருக்கு அவ்வாண்டே அவர் பெயர் சூட்டப்பட்டது. ஊருக்குப் பெயராக நிலைத்தவர், தாம் தலைமை தாங்கிய அவையில் மறுப்புக்குரல் ஒன்றையும் கேட்டதில்லை. மறுப்புச் சொல்ல உரிமையில்லாத மன்றம் மக்களைக் காவாது. தன் தலைவரையும் காவாது என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.